பாலம் தாண்டி ஒரு சுற்று

எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பேர். மூத்தவர் அண்ணன். ஆறு வருஷம் கழித்து நான். அண்ணனுக்கு மர டிப்போவில் வேலை. மரம் அறுப்பதோ விற்பதோ இல்லை, லாரியில் ஏற்றிய மரம் போய்ச் சேரும்வரை அசையாதபடி கட்டிக் கொடுப்பது. டிப்போவில் எல்லாருக்கும் அவர் ‘முடிச்சு’. முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் பெரியப்பா மகள் ஒருத்தி, நல்லது கெட்டது எதற்கு வந்தாலும் “முடிச்சு அண்ணன் எங்கே?” என்றுதான் கேட்பாள். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த லாரிகளுக்குப் பக்கப்பலகை கிடையாது. பின்பக்கம் முழுக்க மேசை மாதிரி தட்டையாகக் கிடக்கும். டிரைவருடைய கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தட்டி, அவ்வளவுதான். அதில் பலகைகளை அடுக்கி, குறுக்கே பட்டை பெல்ட் போட்டு, ராட்செட் என்கிற இரும்புப் பிடியை முறுக்கி இறுக்க வேண்டும். பார்த்தால் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலையாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது நான்தான். அவர் கட்டி முடிக்கிறவரை பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அது லேசுப்பட்ட வேலை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

முதலில் துடைப்பத்தை எடுத்து லாரித் தளத்தைப் பெருக்குவார். சுமை தூக்குகிறவர்களுக்கு அது தினசரிச் சிரிப்பு.

“என்ன முடிச்சு, மாமியார் வர்றாங்களா?”

“மரத்தூள் ஒரு பிடி கிடந்தா போதும்டா. சோப்புத் தண்ணி மேல நின்ன மாதிரிதான். பிரேக் போட்டா மொத்த லோடும் முன்னால வந்து டிரைவருக்கு முதுகு சொறிஞ்சு விடும்.”

அடுக்கு இரும்புத் தட்டியோடு ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் கை நுழையக் கூடாது. பெல்ட் வளைகிற மூலையில் எல்லாம் பழைய டயர்த் துண்டு வைப்பார், பலகை விளிம்பு அறுத்துவிடாமல். எல்லாம் முடிந்தபிறகு ஒவ்வொரு பெல்ட்டையும் விரல் முட்டியால் தட்டிவிட்டு காதைப் பக்கத்தில் கொண்டுபோவார். ‘டங்’ என்றால் அடுத்த பெல்ட்டுக்குப் போவார். ‘தொப்’ என்றால் மறுபடியும் ராட்செட். கண்ணை விடக் காதைத்தான் நம்புவார்.

அப்படிக் கட்டிய மனுஷன் ஒருநாள் என்னிடம் சொன்னது இது: “நான் என்ன இறுக்கு இறுக்கினாலும் கொஞ்ச தூரம் போனதும் தளரும் பாப்பா. மரம் குலுங்கிக் குலுங்கி ஒண்ணோட ஒண்ணு பொருந்தி உட்காரும். உட்கார்ந்தா உயரம் குறையும், பெல்ட் தொங்கிப்போகும். டிரைவர் இறங்கி இன்னொரு சுத்து இறுக்கணும். பாதி வேலை என்னுது, பாதி வேலை அவனுது.”

டிரைவர்கள் அதற்கு வழக்கமாக நிறுத்துகிற இடம் டீசல் பங்க். டிப்போவிலிருந்து ஆற்றுப் பாலம், பாலம் தாண்டி வளைவுகள், வளைவுகள் தாண்டித்தான் பங்க். நிறுத்துவதாகச் சொல்வார்கள். அங்கே இறங்கி டீ குடித்துவிட்டு ஏறிப் போகிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அண்ணன்தான். அதே டிப்போவில் லாரி ஓட்டியவர். ‘ஊரில் வேறு ஆளே இல்லையா?’ என்று அம்மா கேட்டதற்கு, “பங்க்ல இறங்கிப் பெல்ட்டைத் தட்டிப் பாக்குற ஒரே டிரைவர் அவன்தாம்மா” என்றார். இதற்கெல்லாம் பெண் கொடுப்பார்களா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொடுத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவரையும் பார்க்க வேண்டுமே. லாரிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அண்ணன் பெல்ட்டைச் சுருட்டி லோடுக்கு மேல் வீசுவார். “பிடிங்க மாப்பிள்ளை!” அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: “மண்டையிலயே போட்டுட்டீங்களே மச்சான், தங்கச்சிக்கு வேற ஆள் பாத்துட்டீங்களா?” நாள் முழுக்க இப்படியே. என் அண்ணி சொல்வாள், “உன் அண்ணன் என்னோட பேசுறதை விட உன் வீட்டுக்காரரோடதான் அதிகம் பேசுறாரு. பேசாம அவங்க ரெண்டு பேருமே குடித்தனம் பண்ணியிருக்கலாம்.”

பதினோரு வருஷம் அப்படி ஓடியது. அதன் பிறகு வந்தது என் மூத்த நாத்தனார் மகளின் கல்யாணம்.

அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் என் வீட்டுக்காரர். தாய்மாமன். அன்றைக்குப் பார்த்து டிப்போவில் இரண்டு டிரைவர் வரவில்லை. பக்கத்து ஊருக்கு ஒரே ஒரு நடை போய் இறக்கிவிட்டு மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்று போனார். நேரமாகிறதே என்று தானும் கை போட்டு ஏற்றியிருக்கிறார். இரும்புத் தட்டிக்கும் முதல் அடுக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்துவிட்டது. அண்ணன் போய் கேட்டில் குறுக்கே நின்றுகொண்டார்.

“இறக்குங்க மாப்பிள்ளை.”

“மச்சான், ஒரு சாண்தான். ஒண்ணும் ஆகாது. அங்க பொண்ணு மேடைக்கு வந்திருக்கும்.”

“மரம் ஓடி வந்து முட்ட ஒரு சாண் போதும்.”

“ஆறு கிலோமீட்டர்தான் மச்சான்!”

“ஏன், ஆறு கிலோமீட்டர்ல பிரேக்கே போட மாட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. லோடைப் பிரித்து, மறுபடி அடுக்கி, மறுபடி கட்டி, அவர் மண்டபத்துக்கு வந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆல்பம் இன்றைக்கும் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. குடும்பப் படத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறாள் என் நாத்தனார். தம்பி வந்துவிடுவான் என்று கடைசிவரை பார்த்திருக்கிறாள்.

“உன் அண்ணனுக்கு மரம்தான் சொந்தம்” என்றார் என் வீட்டுக்காரர். “நாமெல்லாம் லோடு.”

அன்றோடு பேச்சு நின்றது. பத்தொன்பது மாதம். வேலை மட்டும் நிற்கவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் அவர், நடுவில் பெல்ட் பறக்கும், வாய் திறக்காது. எதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் அண்ணன் லாரியைத் தட்டி, “ஏ வண்டி, உன் டிரைவர்கிட்ட சொல்லு. மூணாவது பெல்ட் நைஞ்சு போச்சு” என்பார். இவர் குனிந்து, “ஏ டயரே, நைஞ்சது பெல்ட்டா ஆளான்னு கேட்டுச் சொல்லு” என்பார். சுமை தூக்குகிறவர்களுக்குத் துடைப்பத்தை விட நல்ல சிரிப்பு கிடைத்துவிட்டது.

உண்மையில் அந்த வண்டி நான்தான். எங்கள் வீடு மெயின் ரோட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. லோடு ஏற்றிய லாரியை வாசலில் நிறுத்திவிட்டு இவர் சாப்பிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் அண்ணன் போன் பண்ணிவிடுவார். “அந்த ஆளுகிட்ட சொல்லு” என்றுதான் ஆரம்பிக்கும். இவர் திரும்பி வந்தால், “உங்க அண்ணன்கிட்ட சொல்லு” என்று ஆரம்பிப்பார். இருவருமே பத்து வார்த்தை சொன்னால் ஆறு குத்தலாக இருக்கும், நாலு வேலையாக இருக்கும். ஆறை விழுங்கிவிட்டு நாலை மட்டும் கொண்டுபோவேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. என் கெட்டிக்காரத்தனத்தால்தான் இரண்டு வீடும் இன்னும் உடையாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் மழை விட்ட மறுநாள். அண்ணனுடைய போன் வந்தது.

“பாப்பா, அந்த ஆளுகிட்ட சொல்லு. மேல் ரெண்டு அடுக்கும் பச்சைப் பலகை. இழைச்சது வேற, மழையில நனைஞ்சும் கிடக்கு. கண்ணாடியா வழுக்குது. சீக்கிரம் உட்காரும், பெல்ட் சீக்கிரம் தளரும். பங்க் வரைக்கும் போகக் கூடாது. பாலம் தாண்டினதும் நிறுத்தி ஒரு சுத்து இறுக்கச் சொல்லு. கல்யாண வீட்டுக்குப் போற அவசரமெல்லாம் இன்னைக்கு இல்லையே, மெதுவா போகச் சொல்லு. கேக்குதா? பாலம் தாண்டினதும்.”

“சரிண்ணே, சொல்றேன்.”

போனை வைக்கவும் லாரி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இவர் உள்ளே வந்தார். கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். பத்தொன்பது மாதத்தில் டிப்போவிலிருந்து வந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

“என்னதான் சொல்லு, உங்க அண்ணன் மாதிரி கட்ட ஆள் கிடையாது” என்றார் சாப்பிட்டுக்கொண்டே. “ஈரப் பலகை. வேற எவனா இருந்தாலும் நாளைக்குக் கட்டலாம்னு போயிருப்பான். ரெண்டு பெல்ட் அதிகமா போட்டு, சுத்திச் சுத்தி வந்து தட்டித் தட்டிப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தேன்.” கொஞ்சம் பொறுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, “வர்ற ஞாயித்துக்கிழமை அவங்களைச் சாப்பிட வரச் சொல்லேன். போதும், எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து” என்றார்.

இந்த நேரத்தில் ‘அண்ணன் போன் பண்ணினார், கட்டு தளரும், நிறுத்தி இறுக்கச் சொன்னார்’ என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? ‘ஏன், எனக்குத் தெரியாதா? எனக்குப் பாடம் எடுக்குறானா?’ என்று அந்தச் சிரிப்பு போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். இவர்தான் எப்படியும் பங்க்கில் நிறுத்துகிறவர் ஆயிற்றே. பாலத்துக்கும் பங்க்குக்கும் நடுவே என்ன பெரிய தூரம்?

பத்து வார்த்தையையும் விழுங்கிவிட்டேன். அந்த நாலு வார்த்தையையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சமைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே லாரியை வழியனுப்பினேன். பாலம் தாண்டி மூன்றாவது வளைவில் ஒரு பஸ் பழுதாகி நின்றிருக்கிறது. இவர் பிரேக் போட்டார். மேல் இரண்டு அடுக்கும் இரும்புத் தட்டிக்கு மேலாக வழுக்கி வந்து கேபினை நசுக்கிவிட்டன. பஸ்ஸில் வந்தவர்கள்தான் இவரை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றிருந்தோம். டிப்போ முதலாளி, அண்ணி, என் நாத்தனார், நான். அண்ணன் கால்மாட்டில் நின்றார். மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இவர் கண்ணைத் திறந்தார், அண்ணனைப் பார்த்தார்.

“வேணும்னேதான் தளர்த்திக் கட்டினான்” என்றார். “பத்தொன்பது மாசமா மனசுல வச்சிருந்து தீத்துக்கிட்டான்.”

அண்ணன் வாயைத் திறந்தார். ‘நான் சொல்லி அனுப்பினேனே’ என்ற வார்த்தை அவர் நாக்கு நுனியில் நின்றதை நான் பார்த்தேன். சொல்வதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று பார்த்தார். நான் குனிந்து, நேராகவே கிடந்த போர்வையை இழுத்துச் சரி பண்ணினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டார். திரும்பி வெளியே போனார். அண்ணி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் புருஷன் அப்படிப்பட்ட ஆளா? நீ கூடவா ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?” என்று கேட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

நான் சொல்லவில்லை.

அந்த வாரமே முதலாளி அண்ணன் கையிலிருந்து பெல்ட்டுகளை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை, மரம் அறுக்கிற ரம்பத்தில் போட்டார். புதிதாக வந்த டிரைவர்கள்கூட ‘முடிச்சு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதே பெயர்தான், கூப்பிட்ட குரல்தான் வேறு. ரம்பத்துப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி கெஞ்சுவாளாம். “யார் கூப்பிடுறது காதுல விழணும்னு இருக்கேன்?” என்பாராம். முதலில் வலது காது போனது, நாலைந்து வருஷத்தில் இடது காதும் பாதி போனது.

அண்ணி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அண்ணனை மற்ற சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதில்தான் பார்ப்பேன். பெரியப்பா மகளின் பேரன் பிறந்தநாள், சித்தப்பா இறந்த வீடு. பார்த்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: “மாப்பிள்ளை எப்படி இருக்காரு, பாப்பா?” அந்தப் பத்தொன்பது மாதம் ‘அந்த ஆளு’ என்றவர், கால் போனபிறகு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது. முதலில், இவருக்குப் புண் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறிய பிறகு, ஊன்றுகோல் பழகட்டும் என்று இருந்தேன். குடையும் பை ஜிப்பும் பழுதுபார்க்கப் பழகி வாசலில் பெட்டி போட்டு உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை. அன்றைக்கும் இதே கதைதான், சிரிப்பைக் கலைக்க மனசு வராமல்தான் எல்லாமே. நாளைக்கு, நாளைக்கு என்று பதினாலு வருஷம் போனது. எனக்கு முடி வெளுத்தது அதில்தான் என்றால் பொய், ஆனால் பாதி அதில்தான்.

போன வருஷம் ஒரு மத்தியானம். இவர் ஒரு குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு எதிரே, பலகை ஏற்றிய லாரி ஒன்று வந்து ஓரமாக நின்றது. அதன் டிரைவர் இறங்கி, ஒவ்வொரு பெல்ட்டாகத் தட்டி, ராட்செட்டை ஒரு சுற்று முறுக்கினான். இவர் கையிலிருந்த குடையை வைத்துவிட்டுப் பார்த்தார்.

“டிப்போவுல இருந்து ரெண்டு கிலோமீட்டர்கூட வரலை. அதுக்குள்ள தளர்ந்திருக்கு பாரு” என்றார். “தளரும். எவன் கட்டினாலும் தளரும். எனக்குத் தெரியாதா? வேணும்னே கட்டினான்னு அன்னைக்கு வலியில சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, அந்தக் கட்டு நல்ல கட்டு.”

கீழே கிடந்த ஒரு கம்பியை நான் எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

“ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே இல்லை. ஈர மரம்னு அவருக்குத் தெரியும். பாலத்துலயே நிறுத்திப் பாருன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எவ்வளவு பகை இருந்தாலும் அதைச் சொல்லாம விடுவானா மனுஷன்?”

“சொன்னாரு” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

“யாருகிட்ட?”

“என்கிட்ட. நீங்க சாப்பிட வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணினாரு. பாலம் தாண்டினதும் நிறுத்தி இறுக்கச் சொன்னாரு. நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூப்பிடுன்னு சொன்னீங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்.”

திட்டுவார் என்று நின்றேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் குடையை எடுத்தார். கம்பியை மாட்டினார். விரித்துப் பார்த்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். எதிரே நின்ற லாரி கிளம்பிப் போனது.

“பதினாலு வருஷம்” என்றார். “தினமும் இந்தக் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறியே. ஒருநாள்கூட வாய் வரலையா?”

“வரலை.”

“அவரு ஆஸ்பத்திரியில நின்னாரே. ஒரு வார்த்தை சொல்லலையே என்னைப் பாத்து.”

“சொன்னா உங்க கோபம் என்மேல திரும்பும்னு விட்டுட்டாரு.”

சாயங்காலம் காபியைக் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. காலையில், “போன் போட்டுக் குடு” என்றார். அண்ணனுக்குப் போனில் காது கேட்காது என்றேன். “அப்போ வண்டியைக் கூப்பிடு” என்றார்.

அவரால் ஆட்டோவில் காலை நீட்டி உட்கார முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சின்ன லோடு வண்டி இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கயிற்றால் கட்டி, இவரை அதில் உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இருக்கிற அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் போனோம். கால் போனபிறகு இவர் அந்தத் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். வண்டியை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்து எழுந்தார். அண்ணி கதவோரம் வந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

“மச்சான்” என்றார் இவர் வண்டியிலிருந்தபடியே. “நான் அன்னைக்குச் சொன்னது தப்பு.”

“என்னது?” என்றார் அண்ணன், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

“நான் சொன்னது தப்பு மச்சான்! நீங்க நல்லாத்தான் கட்டினீங்க!”

“கட்டிலா? கட்டில்ல படுக்கணுமா?” அண்ணன் என்னைப் பார்த்தார். “என்ன பாப்பா சொல்றாரு?”

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியும் கையுமாக வெளியே வந்தார். இவர் கழுத்து நரம்பு புடைக்க மூன்றாம் முறையும் கத்தினார். எதிர்வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. “தப்பு பண்ணிட்டேன்னு சொல்றாருய்யா! தன்னை மன்னிச்சுக்கச் சொல்றாரு!” என்று அவரும் சேர்ந்து கத்தினார். அத்தனை வருத்தத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

நான் வண்டியிலிருந்து இறங்கிப் போய், அண்ணனுடைய இடது காதில் வாயை வைத்தேன். இவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்படியே என்னுடையதையும் சொன்னேன். “நீங்க போன்ல சொன்னதை நான் அவருகிட்ட சொல்லவே இல்லைண்ணே.”

“தெரியும்” என்றார்.

“எப்போ?”

“நீ போர்வையை இழுத்தியே, அப்பவே.” பிறகு ரொம்பச் சத்தமாக, காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தெருவுக்கே கேட்க, அவரும் சொன்னார்: “உன்மேல மட்டும் எப்படிப் போடுறது பாப்பா? ரசீது எழுதுற வரைக்கும் லாரி கேட்லதான் நின்னுச்சு. மாப்பிள்ளை தலை ஜன்னல்ல தெரிஞ்சுது. பத்தடி. நடந்து போய் நானே சொல்லியிருக்கலாம். கால் நகரலை. உனக்குப் போன் போட்டேன். போன் போட்டவனுக்குப் பத்தடி நடக்க முடியலையே.”

இவர் நாற்காலியில் தலை குனிந்துகொண்டார். “நானும் லாரிக் கண்ணாடியில பாத்தேன்” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “அவரு அங்கயே நிக்கிறாருன்னு பாத்தேன். ஏதோ சொல்ல வர்றாருன்னும் தெரிஞ்சுது. கண்ணாடியைத் திருப்பி வச்சேன்.” அதையும் அண்ணன் காதில் சொன்னேன். இனி விழுங்குவதற்கு என்னிடம் இடமில்லை.

அண்ணி கதவோரத்திலிருந்து வந்தாள். எனக்கு எதிரே நின்றாள். “பதினாலு வருஷம் உன் வீட்டு வாசலை நான் மிதிக்கலை. உன் புருஷன் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தப்பான ஆள் மேல கோபப்பட்டுட்டேன்” என்றாள். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளரில் காபி வந்தது. ஒன்று இவருக்கு, ஒன்று வண்டி ஓட்டியவருக்கு. எனக்கு இல்லை. அது நியாயம்தான். இன்றைக்கும் அவள் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள்.

கிளம்புகிற நேரம் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். நாற்காலியைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“யாரு இதைக் கட்டினது?”

“நானும் பக்கத்து வீட்டுக்காரரும்” என்றேன் காதில்.

“ஆட்டைக் கட்டினாக்கூட அவுத்துக்கிட்டுப் போயிரும்.”

அவிழ்த்தார். துடைப்பம் கேட்டு வாங்கி, நாற்காலியின் நான்கு காலைச் சுற்றியும் பெருக்கினார். நாற்காலியைக் கேபினோடு ஒட்டித் தள்ளினார். கயிற்றைக் குறுக்காக எடுத்து, கம்பியில் மாட்டி இழுத்தார். இரண்டு தடவை முடிச்சு வழுக்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை, இவர் மட்டும் கையை நீட்டிக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். “பிடிங்க மாப்பிள்ளை” என்று அண்ணன் சொன்னது, பிடித்த பிறகுதான். கட்டி முடித்துவிட்டு விரல் முட்டியால் கயிற்றைத் தட்டினார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன்.

“பாப்பா, நீ தட்டிப் பாரு. என்ன சத்தம் வருது?”

தட்டினேன். “டங்குன்னு வருதுண்ணே.”

“உண்மையைச் சொல்லு.”

“சத்தியமா டங்குன்னுதான் வருது.”

தலையை ஆட்டினார். வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். “மாப்பிள்ளைகிட்ட சொல்லு, பாலம் தாண்டினதும் நிறுத்தி ஒரு சுத்து பாக்கணும்னு.”

இவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டது. இருந்தாலும் நான் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்: “பாலம் தாண்டினதும் நிறுத்தி ஒரு சுத்து பாக்கணுமாம்.”

“சரின்னு சொல்லு” என்றார் இவர்.

பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கயிற்றுக்கும் நாற்காலிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் நுழைந்தது. இவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு சுற்று இறுக்கினேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மூன்றாவது வளைவு பின்னால் அக்கரையில் தெரிந்தது. இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அண்ணனைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தளர்ந்திருந்துச்சா?”

“ரெண்டு விரல் தளர்ந்திருந்துச்சுண்ணே” என்றேன் காதில். “இறுக்கிட்டோம்.”